கோப்பு மாறினால் தெரிய வேண்டும்: நெல்லைச் சிறு அலுவலகங்களின் சர்வருக்கு எந்தக் கருவி?

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தென்காசிப் பக்கத்துச் சிறு அலுவலகங்களுக்கு லினக்ஸ் சர்வர் அமைத்துத் தருகிறவர்களிடம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தில் கேட்கும் கோரிக்கை ஒன்று உண்டு: "தம்பி, சர்வர்ல ஃபைல் ஏதும் மாறிச்சுன்னா ஒடனே எனக்குத் தெரியணும்." வாக்கியம் ஒன்றுதான், ஆனால் கேட்பவரைப் பொறுத்து அதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வாடிக்கையாளர்கள் அனுப்பும் அழைப்பிதழ்க் கோப்பு எப்போது வந்து சேர்ந்தது, அதன் அடுத்த வேலையைத் தானாகத் தொடங்கலாமா என்பது அச்சகக்காரரின் கேள்வி. பொதுக் கோப்புறையில் இருந்த கணக்கை யார் திருத்தினார், யார் அழித்தார் என்பது தணிக்கையாளர் அலுவலகத்தின் கேள்வி. பத்தமடைப் பாய்களை இணையத்தில் விற்கும் கடைக்காரருக்கோ, தம் வலைத்தளத்தின் நிரல்களில் எதிலேனும் அந்நியர் கைவைத்திருக்கிறாரா என்பது மட்டுமே தெரிய வேண்டும்.

எப்போது, யார், எது என்ற இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே கட்டளை விடை தராது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் நடைமுறையில், தேடியவுடன் முதலில் கிடைக்கும், கோப்பு மாற்றங்களை உடனுக்குடன் காட்டும் ஐநோட்டிஃபைவெயிட் என்ற கட்டளையை மூன்று இடத்திலும் பொருத்திவிட்டுப் போகும் வழக்கமே மிகுதியாக இருக்கிறது. அது நல்ல கருவிதான். எனினும் முதல் கேள்விக்குப் பாதி விடையும், மூன்றாவதற்குக் கால் விடையும், இரண்டாவதற்கு விடையே இல்லாத நிலையும்தான் அதிலிருந்து கிடைக்கும்.

கட்டளை வரியில் கிடைக்கும் கருவிகள் எல்லாம் இரண்டு முறைகளுள் ஒன்றைச் சேர்ந்தவை. குறித்த இடைவெளியில் எட்டிப் பார்த்து, முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வேறுபாடு கண்டறிவது ஒரு முறை. மாற்றம் நிகழும் அந்தக் கணத்திலேயே, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடமிருந்து செய்தி பெறுவது மற்றொன்று. பாபநாசம் அணையின் நீர்மட்டம் 143 அடியில் எவ்வளவு என்று நாள்தோறும் காலையில் செய்தித்தாளில் பார்ப்பவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், இடையில் எத்தனை மணிக்கு மதகைத் திறந்து மூடினார்கள் என்பது தெரியாது. மதகருகே நிற்பவருக்கு அது தெரியும், ஆனால் அவர் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது குறையைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

எட்டிப் பார்க்கும் முறையில் மிக எளியது வாட்ச் கட்டளை. ஒரு கோப்புறையின் பட்டியலை அது 2 விநாடிக்கு ஒருமுறை மீண்டும் காட்டும். டி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் மாறிய எழுத்துகளைப் பளிச்சென்று காட்டும். திரை முன் உட்கார்ந்து, ஒரு பதிவிறக்கம் வளர்கிறதா என்று பார்ப்பதற்கு அதுவே போதும். வேறு எதற்கும் அது உதவாது.

கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையை, குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரான் வழியாக இயக்குவது அதைவிட உறுதியான ஏற்பாடு. கடந்த பத்து நிமிடங்களில் மாறிய கோப்புகள் எவை என்று கேட்டால் அது பட்டியலிட்டுத் தரும். எந்தச் சர்வரிலும் ஏற்கெனவே இருக்கும். ரூட் எனும் தலைமை நிர்வாகியின் அனுமதி தேவையில்லை. இடையில் மின்சாரம் போய்த் திரும்பினாலும் அடுத்த முறை இயங்கும்போது, கால எல்லையைச் சற்று அகலமாக வைத்திருந்தால், விடுபட்டதையும் சேர்த்தே கண்டுபிடிக்கும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் எந்த நேரத்தை ஒப்பிடுகிறோம் என்பது. எம்மின் என்ற விருப்பம் உள்ளடக்கம் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கிறது. போன மாதம் வடிவமைத்த ஒரு கல்யாணப் பத்திரிகையை கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் ஆர்சிங்க் கட்டளையின், பழைய தேதியைக் காக்கும் ஆவண முறையில் இன்று அனுப்பினால், அக்கோப்பு போன மாதத் தேதியோடுதான் வந்து இறங்கும். ஆகவே எம்மின் அதைப் பார்க்காமலே கடந்துவிடும். சிமின் என்ற விருப்பமோ கோப்பின் நிலை மாறிய நேரத்தைப் பார்ப்பதால் அதைப் பிடித்துவிடும். உள்ளடக்க நேரத்தை டச் கட்டளையால் யாரும் பின்தேதியிட்டு மாற்றலாம், நிலை மாறிய நேரத்தை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது என்பதால், பாதுகாப்புக் காரணத்துக்காகவும் சிமின் விருப்பமே மேலானது. இருப்பினும் ஃபைண்ட் கட்டளைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு: அழிக்கப்பட்ட கோப்பு அதன் கண்ணில் படாது. இல்லாததைத் தேடிக் கண்டுபிடிக்க, முன்பு இருந்ததன் பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இனி, மாற்றத்தைக் கர்னலே உடனுக்குடன் அறிவிக்கும் ஐநோட்டிஃபைக்கு வருவோம். 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் கர்னல் 2.6.13 உடன் வந்த வசதி இது. அதற்கு முன்பிருந்த டிநோட்டிஃபை, கண்காணிக்கும் ஒவ்வொரு கோப்புறையையும் திறந்தே வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியதால், பென் டிரைவ் போன்றவற்றைக் கழற்றக்கூட விடாமல் தொல்லை கொடுத்தது. ஐநோட்டிஃபை அந்தத் தொல்லையை நீக்கியது. உருவாக்கம், எழுதி மூடுதல், பெயர் மாற்றம், அழிப்பு, அனுமதி மாற்றம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி நிகழ்வாக அது தருகிறது. அவற்றை டெர்மினலில் வரிவரியாகக் காட்டுவது ஐநோட்டிஃபைவெயிட். விடாமல் கேட்டுக்கொண்டிருக்க எம் என்ற விருப்பத்தையும், உட்கோப்புறைகளையும் சேர்க்க ஆர் என்ற விருப்பத்தையும் கொடுத்தால், பத்து வரி ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) ஒரு கண்காணிப்பு ஏற்பாடு உருவாகிவிடும்.

அந்தப் பத்து வரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் வரம்புகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, ஐநோட்டிஃபை தன்னளவில் உட்கோப்புறைகளுக்குள் இறங்குவதில்லை. ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு காவலை வைத்துக்கொண்டே போவது கட்டளையின் வேலை. ஆகவே புதிய உட்கோப்புறை ஒன்று உருவாகி, அதற்குக் காவல் வைக்கப்படுவதற்குள் அதில் விழுந்துவிட்ட கோப்புகளைப் பற்றிய செய்தி வராமலே போகலாம். வாடிக்கையாளர் ஒரு முழுக் கோப்புறையை ஒரே இழுப்பில் நகலெடுத்துப் போடும்போது இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இரண்டாவதாக, ஒரு பயனருக்கு இத்தனை காவல்கள் என்ற உச்சவரம்பு உண்டு. பழைய கர்னல்களில் அது 8192 மட்டுமே, 5.11 முதல் சர்வரின் நினைவகத்தைப் பொறுத்து அது தானாக உயர்த்தப்படுகிறது. 64 பிட் சர்வரில் ஒரு காவலுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட் நினைவகம் செலவாகும் என்பதால் வரம்பை உயர்த்துவதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் வரம்பைத் தொட்டவுடன் பல நிரல்கள் 'சாதனத்தில் இடம் இல்லை' என்ற பொருள்படும் பிழையைக் காட்டும். அதைப் படித்துவிட்டு ஹார்ட் டிஸ்கைக் காலி செய்ய உட்கார்ந்தவர்கள் ஏராளம்; டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும்.

மூன்றாவது வரம்பு, படிக்கப்படாத நிகழ்வுகளை வைத்திருக்கும் வரிசையின் நீளம். இயல்பான அளவு 16384. நம் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்புக்கும் சில விநாடிகள் செலவழிக்குமானால், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வரும்போது வரிசை நிரம்பி, மிஞ்சியவை கைவிடப்படும்; நிரம்பியது என்ற ஒரே ஒரு நிகழ்வு மட்டும் வரும், எவையெவை விடுபட்டன என்று வராது. நான்காவது, பிற கணினியின் கோப்புறையை, நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வான என்எஃப்எஸ் வழியாகவோ விண்டோஸ் பகிர்வாகவோ ஏற்றிவைத்திருந்தால், அந்தப் பக்கத்தில் நடக்கும் மாற்றம் இந்தப் பக்கத்துக் கர்னலுக்குத் தெரியாது. சர்வரே பகிர்கிறது, அந்தச் சர்வரிலேயே கண்காணிக்கிறோம் என்றால் சிக்கல் இல்லை. மறுமுனையில் உட்கார்ந்து கண்காணித்தால் மௌனம்தான் மிஞ்சும்.

கோப்பு ஒன்றை மட்டும் குறிவைத்துக் கண்காணிப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. விம் முதலிய எடிட்டர்கள் பல வேளைகளில் பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதி அதே பெயரை அதற்குச் சூட்டுகின்றன. காவல் இருந்ததோ பழைய கோப்பின்மீது; முதல் திருத்தத்துக்குப் பிறகு கண்காணிப்பு செத்துவிடும். எனவே கோப்பு இருக்கும் கோப்புறையைக் கண்காணித்து, பெயரால் வடிகட்டுவதே சரி. அந்த வடிகட்டலிலும் தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உள்ளது. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட் கணக்கில் வேறு. 'கோவில் கணக்கு' என்ற பெயரை நாம் ஒரு வகையிலும் அனுப்புகிறவரின் கணினி மற்றொரு வகையிலும் எழுதியிருந்தால், வடிகட்டி பொருந்தாது. பெயரை நம்பாமல் கோப்புறையை நம்பி வேலையைப் பிரித்துக்கொள்வதே இதற்கு நிம்மதியான வழி.

அச்சகத்துக்கு: வந்து விழும் கோப்புறை

முதல் கேள்வியை எடுத்துக்கொண்டால், போட்டி உண்மையில் இரண்டுக்கு இடையேதான்: ஐநோட்டிஃபைவெயிட் ஸ்கிரிப்டா, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், கோப்புறையைக் கவனித்துச் சேவையைத் தொடங்கும் பாத் யூனிட்டா? இன்கிரான் என்று ஒன்றும் உண்டு; கிரான் பட்டியலைப் போலவே ஒரு வரிக்கு ஒரு கோப்புறை என்று எழுதிவைக்கலாம். அழகான யோசனைதான், ஆனால் பராமரிப்புக் குன்றிய ஒரு நிரலை இன்று புதிதாக ஒரு சர்வரில் நிறுவ நான் பரிந்துரைக்க மாட்டேன். என்டர் என்ற கருவி நிரல் எழுதுகிறவர் தம் கோப்பைச் சேமித்தவுடன் சோதனையை மீண்டும் ஓட்டிப் பார்ப்பதற்கு ஏற்றது, சர்வருக்கு அன்று. வந்த கோப்பை இன்னொரு சர்வருக்கு அப்படியே அனுப்புவது மட்டுமே வேலை என்றால் எல்சிங்க்டி போதும். மாற்றங்களைச் சில விநாடிகள் திரட்டிவைத்து, ஆர்சிங்க் மூலம் ஒரே தவணையில் அனுப்பிவிடும்.

பாத் யூனிட்டின் உள்ளே இயங்குவதும் ஐநோட்டிஃபைதான். எனினும் டைரக்டரிநாட்எம்ப்டி என்ற நிபந்தனை அதற்கு ஒரு பெரிய பலத்தைக் கொடுக்கிறது. கோப்புறை காலியாக இல்லை என்றால் இணைத்துள்ள சேவையைத் தொடங்கு என்பது அதன் பொருள். இது நிகழ்வை மட்டும் நம்பியிருப்பதில்லை. யூனிட் தொடங்கும்போதும், சேவை ஒருமுறை முடிந்து திரும்பும்போதும் கோப்புறையை நேரில் பார்த்துவிடுகிறது. சர்வர் அணைந்திருந்த நேரத்துக்கு முன் வந்து கிடந்த கோப்புகள், முந்தைய கோப்பைச் செயலாக்கிக்கொண்டிருந்தபோது வந்து விழுந்தவை ஆகிய எதுவும் விடுபடாது. ஐநோட்டிஃபைவெயிட் ஸ்கிரிப்டோ தான் தொடங்கிய கணத்துக்குப் பின் நடப்பதை மட்டுமே அறியும். மறுதொடக்கத்தின்போது தேங்கிக் கிடப்பவற்றைக் கவனிக்கத் தனியே ஒரு பகுதியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மின்வெட்டை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் எடை புரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. அப்படியொரு நிலைக்குப் பிறகு எழுந்து நிற்கும் சர்வர், தானே கோப்புறையைத் திறந்து பார்க்கும்படி அமைந்திருக்க வேண்டும்.

பாத் யூனிட்டுக்கும் விலை உண்டு. எந்தக் கோப்பு வந்தது என்பதை அது சேவைக்குச் சொல்வதில்லை. 'காலியாக இல்லை' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. சேவையின் ஸ்கிரிப்ட் கோப்புறையில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, வேலை முடிந்ததும் வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட வேண்டும். தவறான வடிவத்தில் வந்த ஒரு கோப்பை நகர்த்தாமல் அங்கேயே விட்டுவிட்டால், கோப்புறை காலியாகவில்லை என்று கருதிச் சேவை மீண்டும் மீண்டும் தொடங்கும். வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 தொடக்கங்கள் என்ற வரம்பு மீறப்பட்டவுடன், சிஸ்டம்டி அச்சேவையைத் தோல்வி என்று குறித்து நிறுத்திவிடும். ஆகவே 'ஏற்றது', 'நிராகரித்தது' என்ற இரண்டு கோப்புறைகள் இன்றி இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே கூடாது.

இரண்டு கருவிகளுக்கும் பொதுவான, இரண்டையும்விடப் பெரிய சிக்கல், பாதி வந்த கோப்பு. டைரக்டரிநாட்எம்ப்டி முதல் பைட் வந்தவுடனேயே தட்டி எழுப்பும். ஐநோட்டிஃபைவெயிட்டில் எழுதி மூடப்பட்டது என்ற நிகழ்வுக்காகக் காத்திருந்தால் முழுக் கோப்பும் வந்துவிட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த நிகழ்வின் பொருள், எழுதிக்கொண்டிருந்த நிரல் கோப்பை மூடியது என்பது மட்டுமே. களக்காட்டிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் இணைய இணைப்பு நடுவில் அறுந்தால், சர்வர் பக்கத்தில் கோப்பைப் பெறும் எஸ்எஃப்டிபி நிரல் பாதிக் கோப்பை மூடிவிட்டு வெளியேறும். அதே நிகழ்வுதான் வரும். இதற்குக் கண்காணிப்புக் கருவியால் தீர்வு கிடையாது, அனுப்பும் முறையால்தான் உண்டு: தற்காலிகப் பெயரில் ஏற்றிவிட்டு, முழுதும் முடிந்தபின் பெயரை மாற்றி இறுதி இடத்துக்கு நகர்த்துவது. ஒரே கோப்பு முறைமைக்குள் (அதாவது ஒரே டிஸ்க் பகுதிக்குள்) பெயர் மாற்றம் பிளவுபடாத ஒற்றைச் செயல் என்பதால், இறுதிப் பெயரில் ஒரு கோப்பு தெரிகிறது என்றாலே அது முழுமையானது என்று கொள்ளலாம். ஆர்சிங்க் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்கிறது. விண்டோஸிலிருந்து கோப்பு அனுப்பும் வின்எஸ்சிபி 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு இதையே இயல்பு அமைப்பாக வைத்திருக்கிறது. பெயர் மாற்றத்தின் வழியே வருவதால், ஐநோட்டிஃபைவெயிட் பயன்படுத்துபவர்கள் 'உள்ளே நகர்த்தப்பட்டது' என்ற நிகழ்வையும் கேட்க மறக்கக் கூடாது. மறந்தால் ஒழுங்காக அனுப்பியவரின் கோப்பு மட்டும் கண்ணில் படாமல் கிடக்கும்.

என் தேர்வு இங்கே தெளிவானது: பாத் யூனிட்டும், தற்காலிகப் பெயர் ஒழுக்கமும். நூற்றுக்கணக்கான உட்கோப்புறைகளைக் கொண்ட, ஒவ்வொரு நிகழ்வின் வகையும் முக்கியமான இடங்களில் மட்டும் ஐநோட்டிஃபைவெயிட். அப்போதும் அதைச் சிஸ்டம்டியின் சேவையாக இயக்கி, விழுந்தால் தானே எழும்படி செய்வதுடன், மணிக்கு ஒருமுறை ஃபைண்ட் கட்டளையால் விடுபட்டவற்றைச் சேகரிக்கும் ஏற்பாட்டையும் துணைக்கு வைக்க வேண்டும்.

தணிக்கையாளருக்கு: யார் கை

இரண்டாவது கேள்வியில் ஐநோட்டிஃபை முற்றிலும் ஊமை. நிகழ்வோடு பயனர் பெயரோ, செயலின் (இயங்கும் நிரலின்) எண்ணோ வருவதில்லை. நிகழ்வு வந்தவுடன் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் லிசாஃப் கட்டளையை ஓட்டி, யார் திறந்திருக்கிறார் என்று பிடித்துவிடலாம் என்று முயல்பவர்கள் உண்டு; அதற்குள் எழுதியவர் மூடிவிட்டுப் போயிருப்பார்.

ஃபேநோட்டிஃபை 2011 தொடக்கத்தில் வந்த கர்னல் 2.6.37 இல் இயக்கிவைக்கப்பட்ட வசதி. ஒவ்வொரு கோப்புறைக்கும் காவல் வைக்காமல் முழுக் கோப்பு முறைமையையும் ஒரே குறியில் கண்காணிக்கவும், எந்தச் செயல் அந்த மாற்றத்தைச் செய்தது என்று அறியவும் இது உதவுகிறது. உருவாக்கம், அழிப்பு ஆகிய நிகழ்வுகள் 2019 இல் வந்த 5.1 கர்னலில்தான் சேர்ந்தன. கட்டளை வரியில் இதன் பயனை எளிதாக எடுத்துத் தருவது ஃபேட்ரேஸ்; ரூட் அனுமதியோடு இயக்கினால் எந்த நிரல், எந்தச் செயல் எண், எந்தக் கோப்பு என்று வரிவரியாக ஓடும். டிஸ்க் இரவெல்லாம் ஏன் சத்தம் போடுகிறது, எந்த நிரல் லாக் கோப்பை ஊதிப் பெருக்குகிறது என்ற வகைக் கேள்விகளுக்கு இதற்கு இணையில்லை. ஆனால் கணநேரத்தில் பிறந்து மறையும் செயல்களின் பெயரை அது தவறவிடக்கூடும்; நாள்கணக்கில் சேமித்துச் சான்றாகக் காட்டும் பதிவாகவும் அது வடிவமைக்கப்படவில்லை. நோயறியும் கருவி அது, பேரேடு அன்று.

பேரேடு வேண்டுமென்றால், கர்னலின் தணிக்கைப் பதிவுகளை எழுதிவைக்கும் ஆடிட்டி. ஒரு கோப்புறையைக் குறித்து, எழுதுதலையும் பண்பு மாற்றத்தையும் பதிவு செய் என்று விதி எழுதி, தேடுவதற்கு ஓர் அடையாளச் சொல்லையும் சூட்டிவிட்டால், பிறகு ஏயுசர்ச் கட்டளையால் அந்தச் சொல்லைக் கொண்டு தேடி எடுக்கலாம். அது பதிவு செய்யும் விவரங்களுள் மிக மதிப்புள்ளது உள்நுழைந்த பயனரின் எண்; ஒருவர் தம் பெயரில் நுழைந்து, பின் சூடோ வழியாக ரூட்டாக மாறி ஒரு கோப்பை அழித்தாலும், முதலில் நுழைந்தவர் யார் என்பது அந்தப் பதிவில் மாறாமல் நிற்கும். விதிகளை ரூல்ஸ்.டி கோப்புறையில் எழுதிவைக்க வேண்டும். கட்டளையாக மட்டும் கொடுத்தால் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். முழு டிஸ்கையும் கண்காணிக்கும் விதியை யாரும் எழுத வேண்டாம். இயல்பு அமைப்பில் லாக் கோப்பு ஒன்று 8 மெகாபைட், மொத்தம் 5 கோப்புகள், பிறகு பழையதன்மேல் சுழற்சி. பரந்த விதி ஒன்று போதும், நேற்றைய பதிவு இன்று மதியத்துக்குள் காணாமல் போய்விடும். மேலும், எழுதும் நோக்கத்தோடு திறந்தார் என்பதைத்தான் ஆடிட்டி பதிவு செய்கிறது, என்ன எழுதினார் என்பதை அன்று. திருத்தப்பட்ட தொகை எவ்வளவு என்று அறிய முந்தைய நகல் ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும்.

ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் பணியாளர்கள் சர்வருக்குள் தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவதில்லை. விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து, லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குக் காட்டும் சாம்பா நிரல் பகிரும் கோப்புறையைத் திறக்கிறார்கள். அந்த நிலையில் ஆடிட்டியின் உள்நுழைவு எண் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், ஏனெனில் எழுதுவது சாம்பா என்ற பின்னணிச் சேவை. இங்கே சரியான விடை சாம்பாவுக்குள்ளேயே இருக்கும் ஃபுல் ஆடிட் என்ற துணைக்கூறு. பயனர் பெயர், கணினியின் முகவரி, செயல், கோப்பின் பெயர் ஆகிய நான்கையும் அது கணினிப் பதிவில் எழுதிவிடும். அழித்தல், பெயர் மாற்றம், எழுதுவதற்குத் திறத்தல் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. படித்தலையும் சேர்த்தால் பதிவு வெள்ளமாகப் பெருகும். அச்செயல்களின் பெயர்கள் சாம்பாவின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. பழைய கையேட்டைப் பார்த்து எழுதினால் பகிர்வே திறக்காமல் போகலாம், ஆகையால் நிறுவியுள்ள பதிப்பின் கையேட்டையே பார்க்க வேண்டும். இவை அனைத்துக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு: அலுவலகத்தில் ஐந்து பேரும் 'ஆபீஸ்' என்ற ஒரே பயனர் பெயரில் நுழைந்தால், எந்தக் கருவியாலும் யார் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுக்கும் வேலை அரைநாளில் முடியும். கருவியைத் தேடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

பாய்க்கடைக்கு: எது மாறியது

வலைத்தளத்தில் அந்நியர் கைவைத்தாரா என்ற கேள்விக்கு விநாடித் துல்லியம் தேவையில்லை. தப்பாத பட்டியல்தான் தேவை. இங்கே எட்டிப் பார்க்கும் முறைதான் வெல்கிறது. எய்ட் என்ற கருவி, ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற எண்), அளவு, அனுமதி, உரிமையாளர் ஆகியவற்றைக் கொண்ட தரவுத்தளம் ஒன்றை முதலில் உருவாக்கும். பின்னர் நாள்தோறும் அதனோடு ஒப்பிட்டுச் சேர்ந்தவை, நீங்கியவை, மாறியவை என்று சொல்லும். 1992 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், ஜீன் ஸ்பாஃபோர்ட் இருவரும் உருவாக்கிய டிரிப்வயரின் வழியில், அதற்குக் கட்டற்ற மாற்றாக எழுந்தது இது. தரவுத்தளம் அதே சர்வரில் கிடந்தால், உள்ளே நுழைந்தவர் அதையும் புதுப்பித்துவிடுவார். அதன் நகல் வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மென்பொருளை மேம்படுத்தியபின்னும் தரவுத்தளத்தைப் புதுப்பிக்காவிட்டால், நாள்தோறும் ஆயிரம் வரி அறிக்கை வரும், ஒரு வாரத்தில் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் எய்ட் நிறுவுவது வீண்.

சிறிய கடைத்தளத்துக்கு அதைவிட இலகுவான வழி, தளத்தின் நிரல்களை, திருத்த வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைத்து, கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கிரானில் இயக்குவது. மாறியது, புதிதாய் முளைத்தது இரண்டும் தெரியும். என்ன மாறியது என்று வரிவரியாகவும் பார்க்கலாம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் டபிள்யூபி சிஎல்ஐ கருவி, மூலக் கோப்புகளை அதிகாரபூர்வ ஹாஷ் மதிப்புகளோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். இரண்டுக்கும் ஒரே ஓட்டை: வாடிக்கையாளர் படங்கள் வந்து சேரும் பதிவேற்றக் கோப்புறையைக் கிட்டில் சேர்க்காமல் விட்டிருப்போம், ஊடுருவுகிறவர் சர்வரில் இயங்கக்கூடிய தம் பிஎச்பி நிரல் கோப்பை ஒளித்துவைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பாய்களின் படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதும் உள்ளதா என்று கேட்கும் ஒற்றை வரி ஃபைண்ட் கட்டளையை இதனோடு சேர்த்தால், நிறுவ நேரமெடுக்கும் பல மென்பொருள்களைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒப்படைப்பதற்கு முன் வேண்டுமென்றே தொல்லை கொடுத்துப் பார்க்க வேண்டும். கோப்பு ஒன்றை உருவாக்குவது, அழிப்பது, பெயர் மாற்றுவது, முழுக் கோப்புறையை நகலெடுத்துப் போடுவது, பதிவேற்றத்தின் நடுவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது, சர்வரை மறுதொடக்கம் செய்வது ஆகிய ஆறும் போதும். ஐநோட்டிஃபைவெயிட் ஸ்கிரிப்டுகள் முதல் மூன்றில் தேறிக் கடைசி மூன்றில் தவறுவது வழக்கம். அறிவிப்பு மின்னஞ்சல் வருவதைப் போலவே, நாளொன்றுக்கு ஒருமுறை 'கண்காணிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற மின்னஞ்சலும் வரும்படி வைத்துக்கொண்டால், மாற்றம் இல்லாத மௌனத்தையும் கருவி செத்துக் கிடக்கும் மௌனத்தையும் வேறுபடுத்தி அறியலாம்.

ரூட் அனுமதியே இல்லாத பகிர்வு ஹோஸ்டிங்கில் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஆடிட்டியும் ஃபேட்ரேஸும் கிடையாது. எய்டை நிறுவவும் பெரும்பாலும் இயலாது. ஆனால் எஸ்எஸ்ஹெச் அனுமதி இருந்தால், அலுவலகக் கணினியிலிருந்தே இரவில் ஒருமுறை இணைந்து, ஃபைண்ட் கட்டளையோடு ஹாஷ் கணக்கிடும் எஸ்எச்ஏ 256 சம் கட்டளையைச் சேர்த்து ஓட்டி, வரும் பட்டியலைப் பெயர் வரிசைப்படுத்தி அலுவலகக் கணினியிலேயே சேமித்து, நேற்றைய பட்டியலோடு டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுவிடலாம். சேர்ந்தது, மாறியது, அழிந்தது மூன்றும் அதில் தெரியும். பட்டியல் சர்வரில் தங்காததால், ஊடுருவியவருக்கு அப்படி ஓர் ஒப்பீடு நடப்பதை மறைக்கவோ பழைய பட்டியலைத் திருத்தவோ வாய்ப்பும் குறைவு. பதிவேற்றப்பட்ட படங்கள் பல ஜிகாபைட் இருந்தால், அவற்றுக்கு ஹாஷ் கணக்கிடாமல் பெயரையும் அளவையும் மட்டும் எடுத்து, நிரல் கோப்புகளுக்கு மட்டும் ஹாஷ் எடுத்துக்கொண்டால், ஹோஸ்டிங் நிறுவனம் விதிக்கும் சிபியு வரம்புக்குள் வேலை முடிந்துவிடும்.